நாலு வைத்தியமும் ஒரு குதிரையும்

கொடைக்கானல்
23.4.1962

அன்புள்ள லீமா அக்காவுக்கு,

பண்ணைக்காட்டு மகாஜனங்கள் அனைவருக்கும் ஆழ்ந்த துயரத்துடன் அறிவிக்கப்படுவது யாதெனில், நேற்று ஈஸ்டர் ஞாயிறன்று ஏரிக்கரையில் நம் தகப்பனார் அருளப்பன் அவர்களின் தொப்பி, குதிரையால் உண்ணப்பட்டுக் காலமானது. நல்லடக்கம் செய்ய விளிம்புகூட மிஞ்சவில்லை. மூன்றாம் நாள் உயிர்த்தெழும் வாய்ப்பும் இல்லை. மலர் வளையம் அனுப்ப வேண்டாம்; அதையும் தின்றுவிடும்.

பூசை முடிந்து வெளியே வந்தால் ஆளாளுக்கு ஒரே கேள்வி: "ஏலே இன்னாசி, ஒங்கம்மா எங்கலே?" கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன். "எங்கம்மா ஊருக்குப் போயிருந்த நேரம் பாத்து எங்கப்பா அவுகளோட செவலைப் பசுவ வித்துட்டு, ஏரியில சவாரி விடக் குதிரை வாங்கிட்டாரு. எங்கம்மா பேரு சகாயராணி. குதிரை பேரு ராஜா. ராஜா வந்துச்சு, ராணி போயிட்டா." சிலர் சிரித்தார்கள். வேதபாட டீச்சர் மட்டும் காதைத் திருகினார்.

பங்குச் சாமியார் இன்னொரு தடவை பேசிப் பார்க்கலாம் என்கிறார். வேண்டவே வேண்டாம். ஈஸ்டருக்கு முந்தின தபசுக்காலத்தில் அவர் செய்த வைத்தியம் உனக்குத்தான் தெரியுமே. இருவரையும் பீடத்துக்கு முன்னால் முழங்காலில் நிறுத்தி, "மன்னித்தேன்" என்று சொல்ல வைத்தார். சொன்னார்கள். வீட்டுக்கு வரும் வழியில் மூன்றாவது கொண்டை ஊசி வளைவுக்குள், யார் முதலில் மன்னித்தது என்று சண்டை. மறுநாள் வெள்ளனே நீயும் அம்மாவும் சவரி மாமா வீட்டுக்கு பஸ் ஏறினீர்கள். ஒருவர் செய்தது தப்பு என்று இன்னொருவர் சொல்வதற்குள் இருவரையும் பாவிகளாக்கிவிட்டால் எப்படி?

நான் நன்றாக இருக்கிறேன். துரைவீட்டில் அமெரிக்கர்களுக்குக் கேக் சுடும் அப்பா, நம் வீட்டில் நான் கருக்கிய சோற்றைத் தின்கிறார். அம்மா வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. நான் யாரிடமும் கெஞ்சப் போவதில்லை.

அப்பா அம்மாவுக்குச் சொல்லச் சொன்ன செய்தி: "நீ இல்லாத வீட்டில் உப்பே இல்லை." சொல்லும்போது கண் கலங்கினார்.

உன் அருமைத் தம்பி,
இன்னாசி


பண்ணைக்காடு
2.5.1962

ஏலே இன்னாசி,

உன் கடிதத்தை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். உப்பு வரி வந்ததும் அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "ஒங்கப்பா இத்தன வருசத்துல இப்படி ஒரு வார்த்த பேசுனதில்லடி. உப்பு ஜாடி எங்க கெடக்குன்னு கேட்டிருப்பாரு. இது இன்னாசி புளுகு." பிறகு உள்ளே போய்விட்டாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. உன் வைத்தியம் அவ்வளவுதான்.

ஜாடி அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கிறது.

அப்பா ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்துபோனதை உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். சவரி மாமா அவரை வரச்சொல்லி, ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரைக் கூட்டிவைத்துப் பஞ்சாயத்துப் பேசினார். திண்டுக்கல் கோர்ட்டு தோற்றது. பசு யார் கொண்டுவந்த சீர், குதிரைக்கு வயது என்ன, அதற்குப் பல் எத்தனை, எல்லாம் விசாரித்தார்கள். அம்மாவும் நானும் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். இவ்வளவு பேசினார்களே, ஒருவராவது "சகாயராணி, ஒனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்க வேண்டுமே? இல்லை. கடைசியில் தீர்ப்பு: குதிரையை விற்றுப் பசுவை மீட்க வேண்டும், அப்பா மாமாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

மாமாவிடம்! பசு மாமாவுடையதா?

அப்பா எழுந்து, "குதிரைய விக்க மாட்டேன். ஒங்கம்மாகிட்ட சொல்லிரு" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அம்மா கதவுக்குப் பின்னால் இருந்து, "வரமாட்டேன்னு ஒங்கப்பாகிட்ட சொல்லிரு" என்றாள். நடுவில் நின்றவள் நான். வைத்த காப்பியைக் குடிக்காமலே அப்பா பஸ்ஸுக்குப் போய்விட்டார். காப்பித் தோட்டம் முழுக்கப் பூத்து மணத்துக் கிடக்கிற நாளில், அந்த மனிதர் வெறும் வாயோடு போனார்.

அன்றோடு முடிவு செய்துவிட்டேன். இனி அப்பா சொன்னதை அம்மாவுக்கும், அம்மா சொன்னதை அப்பாவுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க மாட்டேன். யார் எவ்வளவு முறைத்தாலும் சரி. நீயும் நிறுத்து. பொய்ச் செய்தியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

லீமா


கொடைக்கானல்
21.5.1962

அன்புள்ள வேலைநிறுத்தத் தலைவி அக்காவுக்கு,

மூன்றாவது வைத்தியமும் ஆகிவிட்டது. இது அமெரிக்க வைத்தியம். அப்பா வேலை பார்க்கிற துரைவீட்டுக்கு சீசனுக்காக மதுரையிலிருந்து ஒரு மிஸ்ஸியம்மா வந்திருக்கிறார்கள். பெயர் கார்ல்சன். அவர்கள் ஊரில் புருஷன் பெஞ்சாதி சண்டையைத் தீர்க்கவே தனிப் படிப்பு இருக்கிறதாம், படித்துவிட்டு வந்திருக்கிறார்கள். அப்பா அடுப்படியில் ஒற்றை ஆளாக முட்டை அடித்துக்கொண்டே பெருமூச்சு விட்டதைப் பார்த்து விசாரித்திருக்கிறார்கள். சம்பளம் கொடுக்கிற வீட்டு விருந்தாளி கேட்டால் அப்பா மாட்டேன் என்பாரா? அம்மாவை மாமா பஸ்ஸில் அழைத்துவந்தார். நீ மட்டும் "சாட்சி சொல்ல வரமாட்டேன்" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாய். ஆகவே சாட்சி நான் மட்டும்.

சாமியார் வைத்தியத்தில் புருஷனும் பெஞ்சாதியும். மாமா வைத்தியத்தில் ஆம்பிளைகள் மட்டும். மிஸ்ஸியம்மா வைத்தியத்தில் குடும்பம் முழுக்க ஒரே அறையில் இருக்க வேண்டுமாம். மாமாவை மட்டும் வராந்தாவில் உட்கார்த்தி கேக் கொடுத்துவிட்டார்கள். "அவர் இந்த வீட்டுக்காரர் அல்லவே" என்றார்கள். மாமாவின் முகத்தைப் பார்த்திருந்தால் நீ ஒரு மாதத்துக்குச் சிரித்திருப்பாய். சவரி மாமாவைச் சவாரி விட்டுவிட்டார்கள்!

அந்த அம்மாள் தமிழை பைபிள் வாசித்துக் கற்றுக்கொண்டவர்கள். "அருளப்பனே, உமது மனையாள் சொல்வதைச் செவிகொடுத்துக் கேட்டு, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும்" என்றார்கள். அதுதான் முறையாம். அம்மா தரையைப் பார்த்து, "கேக்காம வித்தாக" என்றாள். அப்பா என்னைப் பார்த்து, "கேக்காம வித்தேன்னு சொல்றா" என்றார். "அவனிடம் அல்ல, அவளிடம் சொல்லும்!" அப்பா ஜன்னலிடம் சொன்னார். ஆனால் ஒன்று சொல்கிறேன் அக்கா, கேலிக்கு இல்லை. அந்த வார்த்தை அப்பா வாயிலிருந்தே வந்தபோது, அவருக்கே அது புதிதாகக் கேட்டது போல இருந்தது.

அப்புறம்தான் கெட்டது. "சகாயராணியே, உமது புருஷனைப் பேர் சொல்லி அழைத்து, உமது மனதிலுள்ளதைச் சொல்லும்" என்றார்கள். அம்மா வாயே திறக்கவில்லை. மறுபடி கேட்டார்கள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மூன்றாம் தடவை கேட்டதும் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டாள். அப்பா என்ன சொல்வார்? கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மிஸ்ஸியம்மாவின் கண் கலங்கிவிட்டது. புருஷனின் பெயரைக்கூட நாவில் எடுக்க முடியாத அளவுக்குக் கசப்பு, இப்போது சேர்த்துவைத்தால் இன்னும் கெடும், ஒரு வருஷம் பிரிந்திருப்பதே இருவருக்கும் இளைப்பாறுதல் என்று முடிவு சொன்னார்கள். அப்பா நம் வாடகை வீட்டை ஜூன் முடிவில் காலி செய்துவிட்டு, துரைவீட்டுப் பின்கட்டில் வேலைக்காரர் அறைக்குப் போகிறார். நான் மதுரையில் போர்டிங் பள்ளிக்கூடத்துக்கு. இடத்துக்குத் தானே சொல்லிவிடுவதாக மிஸ்ஸியம்மா ஏற்றுக்கொண்டார்கள்.

இதற்காக நான் அழுவேன் என்று நினைத்தால் ஏமாந்துபோவாய். போர்டிங் என்றால் ராஜவாழ்க்கை. பெட்டியை இப்போதே அடுக்கிவிட்டேன். ஒரு மாதத்தில் ஹாஸ்டலே என் கையில். அம்மா யாரோடு இருந்தால் எனக்கென்ன, அப்பா எங்கே படுத்தால் எனக்கென்ன!

வருங்கால மதுரைவாசி,
இன்னாசி


பண்ணைக்காடு
26.5.1962

இன்னாசி,

உன் கடிதம் வருவதற்கு முன்பே அம்மா வந்துவிட்டாள். பஸ்ஸிலிருந்து இறங்கி யாரோடும் பேசவில்லை. மாலையில் வாழைக்குக் கீழே களை பிடுங்கப் போனாள். நானும் கூடப் போனேன். நெடுநேரம் கழித்து, "கட்டுனவர் பேரச் சொல்லுன்னு மூணு தடவ கேட்டாகடி. அவர் முன்னாடியே, பிள்ள முன்னாடியே" என்றாள். அவமானத்தில் அவள் காது சிவந்திருந்தது.

அந்த அம்மாளுக்குத் தெரியாது, சரி. அங்கே நின்ற நீ என்ன செய்தாய்? நம் தெருவில் கண்ணாடி போட்ட இன்னொரு அருளப்பன் இருக்கிறாரே, அவர் பெயரையே அம்மா சொல்ல மாட்டாள், 'கண்ணாடிக்காரர்' என்பாள் என்று ஒரு வரி சொல்லக் கூடாதா? வீண்பேச்சுக்கு நாலு முழம் நாக்கு உனக்கு. வேண்டிய இடத்தில் எங்கே போனது?

அப்பாவும் சொல்லவில்லை. துரைவீட்டுக் கம்பளத்தில் நின்றால் அவருக்கு வாய் வராது. அதனால்தான் குதிரை வாங்கினார் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

நான் சும்மா இருக்கவில்லை. மிஸ்ஸியம்மாவுக்கு நானே கடிதம் போட்டுவிட்டேன். மாமாவிடம் கேட்கவில்லை. நிறைமாச அத்தை "பொட்டப்பிள்ளைக்கு எதுக்கு இந்தச் சோலி" என்றாள், கேட்டுக்கொண்டே எழுதினேன். எழுதியது இதுதான்: "எங்கள் ஊரில் ஒரு பெண் புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால், அவரைத் தலைமுழுகிவிட்டாள் என்று அர்த்தம். நீங்கள் மூன்று தடவை கேட்டும் எங்கள் அம்மா சொல்லவில்லை. அதை நீங்கள் கசப்பு என்று எழுதிக்கொண்டீர்கள். அவள் மூன்று தடவையும் அவரை விட மாட்டேன் என்றுதான் சொன்னாள். உங்கள் படிப்பு பெரியதுதான். ஆனால் எங்கள் வீட்டைக் கலைப்பதற்கு முன்னால் எங்களில் ஒருவரையாவது கேட்டிருக்கலாம். அப்பாவும் கேட்காமல்தான் பசுவை விற்றார்."

கடைசி வரியை அடித்துவிடலாமா என்று பேனாவை வைத்துப் பார்த்தேன். அடிக்கவில்லை. அப்பாவின் வேலைக்கு ஆபத்து வந்தால் வரட்டும் என்று தபாலில் போட்டேன்.

உன் போர்டிங் பெருமையை அம்மாவிடம் வாசிக்கவில்லை.

லீமா


கொடைக்கானல்
11.6.1962

அன்புள்ள அக்காவுக்கு,

வெற்றி! வெற்றி! அம்மா நேற்று இங்கேயே தங்கிவிட்டாள். வீட்டைக் காலி செய்யவில்லை. அம்மாவின் துணிப்பெட்டியைக் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பு. அத்தைக்குப் பிரசவம் ஆனதும் நீயும் வரலாம்.

நடந்ததைச் சரித்திரத்துக்காக எழுதுகிறேன். உன் கடிதத்தை வாசித்துவிட்டு மிஸ்ஸியம்மா கோபப்படவில்லை. அப்பாவைக் கூப்பிட்டு, "உம்முடைய மகள் எனக்குப் பாடம் சொன்னாள்" என்று சொல்லி, ஆள் அனுப்பி அம்மாவை மறுபடி வரவழைத்தார்கள். வந்ததும் அம்மாவிடம், "அறியாமல் உம்மை நோகச் செய்தேன், மன்னியும்" என்றார்கள். அம்மாவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மாமா வழக்கம்போல வராந்தாவில்.

இந்தத் தடவை பேர் சொல்லச் சொல்லவில்லை. அப்பாவையும் அம்மாவையும் எதிரெதிரே உட்கார வைத்து, நடுவில் என்னை உட்கார வைத்தார்கள். அப்பா பழக்கதோஷத்தில், "ஏலே, ஒங்கம்மாகிட்ட சொல்லு" என்று ஆரம்பித்தார். அம்மா கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருக்கிறாள்!

அப்போதுதான் நான் எழுந்தேன். அறையே அமைதி. மார்பில் கை வைத்து, "பெற்றோரே! இன்று முதல் இந்தத் தபாலாபீஸ் மூடப்பட்டது. தபால்காரன் ராஜினாமா செய்துவிட்டான். இனிமேல் உங்கள் செய்தியை நீங்களே நேரில் பட்டுவாடா செய்துகொள்ளுங்கள்!" என்று முழங்கினேன். இருவரும் வெட்கித் தலைகுனிந்தார்கள். மிஸ்ஸியம்மா அசந்துபோய் உட்கார்ந்துவிட்டார்கள். அப்பா அம்மாவை நேரே பார்த்துப் பேசினார். அவ்வளவுதான், காரியம் முடிந்தது.

ஆகவே மதிப்பெண்: சாமியார் வைத்தியம் பெயில். மாமா வைத்தியம் பெயிலிலும் பெயில். மிஸ்ஸியம்மா வைத்தியம் ஜஸ்ட் பாஸ், அதுவும் நீ போட்ட கிரேஸ் மார்க்கில். இன்னாசி வைத்தியம் நூற்றுக்கு நூறு!

இப்படிக்கு,
டாக்டர் இன்னாசி


பண்ணைக்காடு
15.6.1962

டாக்டருக்கு,

பெட்டியைக் கொடுத்தனுப்பிவிட்டேன். வந்து சேர்ந்திருக்கும்.

சவரி மாமா வந்ததும் நடந்ததைக் கேட்டேன். வராந்தாவில் இருந்தவருக்கு உள்ளே பேசியது காதில் விழவில்லையாம். முழக்கம் எதுவும் கேட்டதாக அவருக்கு நினைவில்லை. "யாரோ தேம்பித் தேம்பி அழுதாக ஆத்தா. மொதல்ல ஒங்கம்மான்னு நெனச்சேன். எட்டிப் பாத்தா ஒங்கம்மா அழல" என்றார். அப்பா அழுதாரா என்று கேட்டேன். "அந்த ஆளும் அழல" என்றார். மிஸ்ஸியம்மா கைக்குட்டையோடு எழுந்ததைப் பார்த்தாராம். அதோடு மாமா சிரித்துக்கொண்டே தோட்டத்துக்குப் போய்விட்டார்.

அறையில் மொத்தம் நாலு பேர். மூன்று பேரைக் கழித்துவிட்டேன்.

எனக்கு உண்மை வேண்டும். கேலி செய்வதற்கு இல்லை. எந்த வைத்தியம் வேலை செய்தது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். நாளைக்கு எனக்கும் ஒரு வீடு வரும். அங்கேயும் யாராவது ஏதாவது கேட்காமல் விற்பார்கள்.

லீமா


கொடைக்கானல்
19.6.1962

அக்கா,

இதை வாசித்ததும் அடுப்பில் போடு. அத்தையிடம் காட்டாதே. மாமாவிடம் எதுவும் கேட்காதே.

எழுந்தது உண்மை. மார்பில் கை வைத்ததும் உண்மை. 'தபாலாபீஸ்' பேச்சை மூன்று நாள் ராஜாவுக்கு முன்னால் நின்று ஒத்திகை பார்த்திருந்தேன். அது காதை ஆட்டிக் கேட்டது. ஆனால் அறையில் அப்பா "ஒங்கம்மாகிட்ட சொல்லு" என்றதும், வாயைத் திறந்தால் "பெற்றோரே" வரவில்லை. என்ன வந்தது தெரியுமா? "நான் மதுரைக்குப் போக மாட்டேன்மா. வீட்டுக்கு வாம்மா." அதுவும் முழுதாக வரவில்லை, பாதி விக்கலில் போனது. மூக்கு ஒழுகி, துரைவீட்டுக் கம்பளத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ஏழாம் வகுப்புக்குப் பிறகு அப்படி அழுததில்லை. சரி, எட்டாம் வகுப்பிலும் ஒரு தடவை.

மிஸ்ஸியம்மா கைக்குட்டையை என் பக்கம் நீட்டிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துகொண்டார்கள். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவர்கள் படித்த படிப்பில் நல்ல பகுதி அதுதான் என்று எனக்குப் படுகிறது.

அம்மா என்னைத் தூக்கிவிட வந்தாள். அப்பாவும் வந்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்ததில் தலையும் தலையும் முட்டிக்கொண்டன. அப்பா தலையைத் தடவிக்கொண்டே, என்னிடம் இல்லை, ஜன்னலிடம் இல்லை, அம்மாவிடம் சொன்னார்: "ஒன்னக் கேட்டிருக்கணும். கேட்டா வேண்டாம்னுருவியோன்னு பயம். அடுத்தவுக அடுப்புலயே வெந்துட்டேன். எனக்குன்னு ஒண்ணு வேணும்னு இருந்துச்சு."

அம்மா, "வேண்டாம்னுதான் சொல்லிருப்பேன். ஒரு வாரம் முணுமுணுத்துட்டு அப்புறம் சரின்னுருப்பேன். அந்த ஒரு வாரத்தத்தான நீங்க எனக்குக் குடுக்கல" என்றாள்.

அப்பா கம்பளத்திலேயே அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார். பிறகு, "குதிரைய வித்துறவா?" என்று கேட்டார்.

"யோசிக்கணும். ஒரு வாரம் ஆகும்" என்றாள் அம்மா. அந்த ஒரு வாரத்தை வீட்டிலேயே இருந்து யோசிப்பதாகச் சொன்னாள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள். இடையில் ராஜாவுக்குக் கொள்ளு அவிப்பதும் அவள்தான்.

எந்த வைத்தியம் என்று கேட்டாய். எனக்குத் தெரியவில்லை அக்கா, நிஜமாகத்தான். மாமா கூட்டத்தில் அப்பாவுக்கு ரோஷம் வந்தது, தான் செய்தது என்ன என்று உறைக்கவில்லை. மிஸ்ஸியம்மா திருப்பிச் சொல்ல வைத்தபோதுதான் உறைத்தது. உன் கடிதம் இல்லாவிட்டால் இரண்டாம் தடவை அந்த அறையே இல்லை. சாமியாருக்கு மட்டும் மதிப்பெண் போட எதுவும் கிடைக்கவில்லை. மிஸ்ஸியம்மாவிடம் கேட்டேன். "எனக்கும் தெரியவில்லை, தம்பி" என்று சிரித்துவிட்டார்கள். என் வைத்தியம் வைத்தியமே இல்லை. நான்தான் அங்கே நோயாளி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போர்டிங்குக்குப் பெட்டி அடுக்கிவிட்டேன் என்று எழுதினேனே, அதுவும் பொய். பெட்டியைக் கொண்டுபோய் லாயத்து வைக்கோலுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். பெட்டி இல்லாமல் என்னை எப்படி அனுப்புவார்கள் என்பது என் கணக்கு. நேற்று அம்மா லாயம் பெருக்கப் போய்க் கண்டுபிடித்துவிட்டாள். தூசி தட்டி எடுத்துவந்து கட்டிலுக்குக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். நான் கணக்குப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

வெரசா வந்துவிடு.

இன்னாசி